மூடி திறந்த பாட்டில்

துபாயில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தப் பெரிய ஹோட்டல்களில் ஓர் இரவுக்கு அவ்வளவு வாடகை கொடுப்பது தகுமா என்று யாராவது பேச்சை எடுத்தால் எனக்குச் சட்டென்று கோபம் வரும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் படத்தில் பார்த்தவர்கள். நான் அப்படி ஓர் அறைக்குள் ஒரு பகல் முழுக்க மாட்டிக்கொண்டு வியர்த்தவன். பல் கிட்டிக்கும் ஏசிக் குளிரிலும் வியர்த்தவன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன் நின்ற காலம். ஷார்ஜா ரோலாவில், லீவுக்கு ஊர் போகிறவர்கள் வாங்கும் சூட்கேஸ், கம்பளி, தைலம் விற்கும் கடையில் எனக்கு வேலை. முதலாளி கீழக்கரைக்காரர். நான் சிவகங்கைப் பக்கம். மனுஷர் நல்லவர்தான், ஆனால் ஒரு ஆளுக்குப் பெருமை காட்ட வேண்டும் என்று தோன்றிவிட்டால் அப்புறம் கணக்கு வழக்குப் பார்க்க மாட்டார்.

அந்த வருஷம் அவருடைய அப்பாவும் அம்மாவும், அவர் வார்த்தையில் வாப்பாவும் உம்மாவும், மக்காவுக்கு உம்ரா யாத்திரை போவதாக இருந்தது. டிக்கெட் போட்ட பிறகு வாப்பா படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். உம்மா போக மாட்டேன் என்று அழுதிருக்கிறார். வாப்பாதான் பிடிவாதமாக, "நீ போய் எனக்கும் சேத்து துவா கேட்டுட்டு வா, அதுவரைக்கும் இருப்பேன்" என்று அனுப்பி வைத்தாராம். முதலாளி கூடப் போய், மக்காவில் எல்லாம் முடித்து, துபாய் வழியாக ஊருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நடுவில் ஒரே ஒரு ராத்திரி துபாயில் தங்க வேண்டும்.

ரோலாவில் அவர் இருந்த ஃப்ளாட்டில் கட்டிலுக்கு மேலேயும் சூட்கேஸ் அடுக்கியிருக்கும். குடும்பமெல்லாம் ஊரில். அங்கே உம்மாவைக் கூட்டிப்போக அவருக்கு மனமில்லை. கடலோரத்தில் இருந்த அந்த ஹோட்டலில், உச்சி மாடியில் அறை போட்டுவிட்டார். வாடகையைக் கேட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"உம்மா கேட்டா முந்நூறு திர்ஹம்னு சொல்லு" என்றார் போனில். "நெசத்தச் சொன்னா படில உக்காந்துக்கும். உள்ள வராது."

மறுநாள் காலை கடை வேனை எடுத்துக்கொண்டு, மெஸ்ஸில் வாங்கிய இடியாப்பப் பொட்டலத்தோடு போனேன். வாசலில் நின்ற காவலாளி வேனைப் பார்த்த பார்வையிலேயே எனக்குச் சுருக்கென்றது. லாபியில் முதலாளி தன் உம்மாவுக்கு நீரூற்றைக் காட்டிக்கொண்டிருந்தார். முதலாளியின் உம்மாவை நான் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவேன். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு இழுத்துப் போர்த்தி, செருப்புச் சத்தம் கேட்காமல் அந்தப் பளிங்குத் தரையில் நடந்துகொண்டிருந்தார்.

"ராத்திரி தூங்குனீங்களா பெரியம்மா?"

"மெத்தை நல்லாத்தான் இருக்கு தம்பி. இல்லன்னு சொன்னா பொய்யாப் போவும்."

அப்போதுதான் ஊரிலிருந்து போன் வந்தது. முதலாளியின் மச்சான் பேசினார். முதலாளி ஒரே ஒரு வார்த்தைதான் திரும்பச் சொன்னார்: "எப்பலேர்ந்து?" வாப்பாவுக்கு விடிந்ததிலிருந்து மூச்சு இழுக்கிறதாம். அன்று இரவு கிளம்புவதாக இருந்தவர்கள் அதற்கு முந்தைய ஃப்ளைட்டைப் பிடித்தாக வேண்டும். அறைக்குப் போக லிஃப்டில் ஏறினோம். பெரியம்மாவின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

அறையைத் திறந்தால், நாங்கள் கீழே இருந்த நேரத்தில் சுத்தம் செய்துவிட்டுப் போயிருந்தார்கள். படுக்கையில் ஒரு சுருக்கம் இல்லை. பெரியம்மா நேரே கட்டிலோரத்து மேஜைக்குப் போனார். அங்கே ஏதோ வெளிநாட்டுத் தண்ணீர் கண்ணாடி பாட்டிலில் அழகாக நின்றது, கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அவர் அதைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார். தலையணையைப் புரட்டினார்.

"பாட்டிலக் காணோம்" என்றார்.

பழைய ஜூஸ் பாட்டில். லேபிள் கிழிந்தது. அதில் மக்காவின் புனிதக் கிணற்று நீரான ஜம்ஜம் தண்ணீர் இருந்தது. பெரிய கேன் ஒன்று ஜித்தாவிலிருந்து கூட வந்தவர்களோடு நேரே ஊருக்குப் போய்விட்டது, அது சொந்தக்காரர்களுக்கு. இந்தப் பாட்டில் வேறு. கஃபாவைப் பார்த்துக்கொண்டே தன் கையால் பிடித்து, புருஷன் பேரைச் சொல்லி ஓதி ஊதி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தது. உயிர் பிரியும் நேரத்தில் வாயில் விடுவதற்கு. எங்கள் ஊரில் பால் விடுவோம். அவர்களுக்கு அது.

முதலாளி பெட்டி, பை, சுருட்டி வைத்த தொழுகைப் பாய் எல்லாவற்றையும் உதறினார். பிறகு போனை எடுத்து ரிசப்ஷனில் கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

கோட்டு போட்ட டியூட்டி மேனேஜர் வந்தார். லெபனான்காரர், மெதுவான இங்கிலீஷ். அவர் பின்னால், அந்த மாடியில் அறை சுத்தம் செய்யும் ஆள். முப்பது முப்பத்தைந்து வயது, வெயில் காய்ந்த முகம், சாம்பல் நிறச் சட்டையில் கழுத்துப் பட்டன்வரை போட்டிருந்தான். பார்த்ததுமே நம்ம ஊர் என்று தெரிந்துவிட்டது. அவனும் எங்கள் பேச்சை வாசலிலேயே கேட்டிருப்பான். முகம் அப்படி வெளிறிக் கிடந்தது.

"ஓப்பன் பாட்டில் சார். கார்பேஜ் சார்" என்றான் மேனேஜரிடம். அவ்வளவுதான் சொன்னான்.

அது அங்கே சட்டமாம். விருந்தாளி மூடி திறந்து வைத்த தண்ணீர் பாட்டில் எதுவாக இருந்தாலும் எடுத்துக் கொட்டிவிட்டுப் புதியது வைக்க வேண்டும். கெட்டுப்போன தண்ணீரைக் குடித்துப் பணக்கார வயிறு வலித்துவிடக் கூடாதே! முதலாளி, அது என்ன தண்ணீர், யாருக்கு என்று சொன்னதும் மேனேஜர் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ட்ராவல்ஸிலிருந்து அழைப்பு. இடம் இருக்கிறது, பாஸ்போர்ட்டோடு உடனே கீழே வாருங்கள் என்றார்கள்.

"நீ பேசு. விட்டுறாத" என்று என்னிடம் பல்லைக் கடித்துச் சொல்லிவிட்டு முதலாளி ஓடினார்.

அறையில் நான்கு பேர். மேனேஜர் என்னிடம் திரும்பினார். இந்தத் தவறுக்கு ஈடு இல்லை, ஆனாலும் அறை வாடகை முழுவதையும் திருப்பித் தந்துவிடுகிறோம், அம்மாவிடம் சொல்லுங்கள் என்றார். அதோடு விடவில்லை. குப்பை இன்னும் கீழே போகவில்லை, செக்யூரிட்டியை வரச் சொல்லியிருக்கிறேன், இந்த மாடியின் குப்பைப் பை, ஸ்டோர் ரூம், தள்ளுவண்டி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் தேடச் சொல்கிறேன் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

அவர் சொல்லி முடிக்கவும், அந்த ஆள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முகத்தை மேனேஜர் பக்கமே வைத்துக்கொண்டு, தமிழில் பேசினான்.

"அண்ணே, இவருக்குத் தமிழ் தெரியாது. மூஞ்சில ஒண்ணும் காட்டாமக் கேளுங்க. தண்ணி இருக்கு. நான் கொட்டல."

நான் மேனேஜரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன சொல்கிறான்?" என்றார் மேனேஜர்.

"மன்னிப்புக் கேட்கிறான் சார்" என்றேன் இங்கிலீஷில்.

"ஸ்டோர் ரூம்ல டவல் அடுக்குக்குப் பின்னால வச்சிருக்கேன்ணே. நான் முதுகுளத்தூர்ப் பக்கம். நல்ல தண்ணியப் போயி சிங்க்ல கவுத்த எனக்குக் கை வரமாட்டேங்குது. ஆளுக மூடியத் தெறந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போட்டுட்டுப் போறாக. நான் எடுத்து ஒளிச்சு வச்சுக் குடிச்சிக்கிருவேன். இங்க அது திருட்டுண்ணே. ரூம்ல இருந்து எதை எடுத்தாலும் திருட்டு. ஒரு ஷாம்புக்கு ஒருத்தன ஊருக்கே ஏத்தி விட்டுட்டாக. செக்யூரிட்டி வந்து பாத்தாக்க நான் செத்தேன். ஊர்ல ரெண்டு புள்ளைக."

சொல்லச் சொல்ல அவன் குரல் உடைந்தது. மேனேஜர் அதை வருத்தம் என்று எடுத்துக்கொண்டு, போதும் என்பது போலக் கையைக் காட்டினார்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் எல்லாம் கேட்டிருந்தது. கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"அந்தக் கோட்டுக்காரர் எனக்கு என்ன தரேங்கிறார் தம்பி?"

"வாடகை முழுசையும் திருப்பித் தர்றாராம் பெரியம்மா."

"எவ்வளவு?"

முந்நூறு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. மேனேஜர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை பேருக்கு நடுவில் இன்னொரு பொய்யைத் தூக்க எனக்குத் தெம்பில்லை. உண்மையைச் சொன்னேன். ஊர்க் காசுக்கு எவ்வளவு என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

அவர் முதல்முறையாக அந்த அறையைச் சுற்றிப் பார்த்தார். திரைச்சீலை, கண்ணாடிக்கு வெளியே கடல், தங்க நிறக் கைப்பிடி, தலையணை அடுக்கு.

"இதுக்கா?" என்றார்.

எனக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாட்டிலை எப்படியாவது வாங்கி பைக்குள் போட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு அந்தக் காசையும் வாங்கிக்கொண்டால் என்ன? ஒரு ராத்திரி படுக்கைக்கு இவ்வளவு பிடுங்குகிறவனிடம் வாங்கினால் என்ன பாவம்? செக்யூரிட்டி தேடிக் கிடைக்காமல் போகட்டுமே. அதைப் பாதி வார்த்தையில் பெரியம்மாவிடம் சொல்லவும் செய்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டேன்.

நடையில் வாக்கிடாக்கி கரகரத்தது. செக்யூரிட்டி மாடிக்கு வந்துவிட்டான் என்று மேனேஜர் திருப்தியோடு சொன்னார்.

பெரியம்மா எழுந்தார். சட்டையின் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினார். "லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. நான் கை கால் கழுவி ஒளுச் செஞ்சு தொழுவணும். இங்க இருக்கிற டவல் பத்தாது. இந்தப் பிள்ளையைப் போயி இன்னும் டவல் கொண்டாரச் சொல்லு. ஆம்பளைங்க வெளிய நில்லுங்க. தொழுது முடியிறவரைக்கும் நடையில ஒரு சத்தம் ஆவாதுன்னு அவருட்டச் சொல்லு. தேடுறது, உருட்டுறது எல்லாம் அப்பறம்."

அப்படியே மொழிபெயர்த்தேன். அந்த நாட்டில் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று ஒரு வயதான பெண் சொன்னால் எந்த மேனேஜரும் மறுபேச்சுப் பேச மாட்டார். "ஆஃப் கோர்ஸ், ஆஃப் கோர்ஸ்" என்று பின்னாலேயே நடந்து வெளியேறினார். செக்யூரிட்டியை நடைக் கோடியிலேயே கை காட்டி நிறுத்தினார். அந்த ஆள் ஸ்டோர் ரூமுக்கு நடந்தான். ஓடினால் சந்தேகம் வரும், நின்றாலும் வரும். அவன் நடந்த நடையை என்னால் மறக்க முடியாது.

நானும் மேனேஜரும் கதவுக்கு வெளியே நின்றோம். கம்பளம் விரித்த நடை. மூச்சு விடும் சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. செக்யூரிட்டி ஸ்டோர் ரூம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த ஆள் வெளியே வந்தான். மார்பு உயரத்துக்கு வெள்ளை டவல் அடுக்கு. தாடையால் மேலே அழுத்திப் பிடித்திருந்தான். செக்யூரிட்டியைத் தாண்டினான். எங்களிடம் வந்தான். மேனேஜர் மரியாதையாக இரண்டு கையையும் நீட்டினார். நானே கொடுக்கிறேன், கொடு என்றார்.

அவன் டவலை விடவில்லை. உறைந்து நின்றான். நான் என்ன பேசுகிறேன் என்று தெரியாமலே, "சார், அம்மா ஒளுவில் இருக்கிறார்கள், தலையில் துணி இருக்காது, நீங்கள் பெரிய அதிகாரி, உள்ளே பார்த்தால் சங்கடப்படுவார்கள், வேலைக்காரன் என்றால் வாசலில் வைத்துவிட்டு வந்துவிடுவான்" என்று உளறினேன். அதில் ஒரு நியாயமும் கிடையாது. ஆனால் மேனேஜர் சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். கதவைக்கூட அவரே தள்ளித் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவுக்கு நான் மகன் மாதிரி என்று சொல்லிவிட்டு, அவன் பின்னாலேயே நானும் நுழைந்து கதவைச் சாத்தினேன். பெரியம்மா துப்பட்டியோடு குளியலறை வாசலில்தான் நின்றார். டவலுக்கு நடுவிலிருந்து பாட்டிலை எடுத்தார். தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். தண்ணீர் குறைந்திருந்தது.

"குடிச்சியா?"

"ஒரு வாய் குடிச்சிட்டேன்மா." அவன் கை கூப்பினான். "காலைல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. எங்களுக்குக் குடிக்கிற தண்ணி கீழ அடித்தளத்துல இருக்கு. எறங்கி ஏறுனா ரூம் முடியாது. என்ன தண்ணின்னு தெரியாமக் குடிச்சிட்டேன். தெரிஞ்சா தொட்டிருக்க மாட்டேன்மா."

பெரியம்மா பாட்டிலின் மூடியை இறுக்கினார்.

"இத எந்த நிய்யத்து வச்சுக் குடிக்கிறாங்களோ அது நடக்கும்னு நாங்க நம்புறது. நீ என்ன நெனச்சுக் குடிச்ச?"

அவனுக்குக் கேள்வி புரியவில்லை. "ஒண்ணும் நெனைக்கலம்மா. தாகமா இருந்துச்சு."

"தாகம் தீந்துச்சா?"

"தீந்துச்சும்மா."

"அப்ப சரி. கண்ணத் தொடச்சிக்கிட்டு வெளிய போ."

அவர் நிஜமாகவே ஒளுச் செய்து தொழுதார். நான் சுவரைப் பார்த்து நின்றேன். முடித்ததும் மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார். என்னிடம் தாழ்ந்த குரலில், "எப்படிப் பாத்தாலும் ஒரு பொய் சொல்லித்தான் ஆவணும் தம்பி. சும்மா இருந்து அந்தக் காசை வாங்கினா அதுவும் பொய்தான். அவனுக்காகச் சொல்றதையே சொல்லிட்டுப் போறேன். மக்காவுக்குப் போயிட்டு வந்த வாய். அல்லா பாத்துக்குவான்" என்றார். கண் கலங்கியிருந்தது.

மேனேஜர் வந்ததும் பெரியம்மா பாட்டிலை உயர்த்திக் காட்டினார். தொழுகைப் பாய்க்குள் சுருட்டி வைத்துவிட்டு மறந்துவிட்டேன், வயசாகிவிட்டது, உங்கள் ஆள் தூக்கிப் போட்டது வேறு ஏதோ காலி பாட்டில், அவனைத் திட்டிவிட்டோம், மன்னிக்கச் சொல்லுங்கள் என்றார். நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். மேனேஜருக்கு முகமெல்லாம் சிரிப்பு. செக்யூரிட்டியைக் கையசைத்து அனுப்பினார். வாடகைப் பேச்சு அப்படியே காற்றில் போனது. பதிலுக்கு ஒரு கூடைப் பழம் அனுப்புவதாகச் சொன்னார். பழம்!

முதலாளி டிக்கெட்டோடு வந்து, விஷயம் கேட்டு, முழு வாடகையும் கட்டிவிட்டு வேனில் ஏறினார். வேன் சாலையில் ஏறியது.

"நான் பாயை உதறிப் பாத்தேனே உம்மா" என்றார் திரும்பாமலே.

"முந்நூறு திர்ஹம்னியே மவனே" என்றார் பெரியம்மா பின்னாலிருந்து.

முதலாளி சிரித்தார். அந்தச் சிரிப்பே அழுகையாகிவிட்டது. இத்தனை வருஷம் ஸ்டியரிங் பிடித்த எனக்கு விமான நிலையம் அன்றைக்குப் போல் தூரமாக இருந்ததில்லை. வாப்பா இருப்பாரா, இருக்க மாட்டாரா என்பதுதான் வேன் முழுக்க இருந்தது. பெரியம்மா பாட்டிலை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடியிருந்தார்.

சில நாள் கழித்துக் கடை போன் அடித்தது. பெரியம்மா. வாப்பா மவுத்தாகிவிட்டார். இவர்கள் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகுதான். கண் திறந்து பார்த்தாராம், வாயில் விட்டதை விழுங்கினாராம். பிறகு அவரே ஒன்று சொன்னார்.

"அந்த முதுகுளத்தூர்ப் பிள்ளைய ஒரு தடவ போயிப் பாரு தம்பி. தான் குடிச்சதால கொறஞ்சு போச்சோன்னு மனசுல வச்சிக்கிட்டுத் திரிவான். மிச்சம் இருந்தது போதுமா இருந்துச்சுன்னு சொல்லிரு."

வெள்ளிக்கிழமை போனேன். இந்தத் தடவை முன்வாசலுக்குப் போகவில்லை. ஹோட்டலுக்குப் பின்னால், டியூட்டி முடிந்து வருகிறவர்களை வரிசையில் நிறுத்திப் பையைத் திறந்து பார்க்கும் கேட்டில் வெயிலில் நின்றேன். அவன் வந்தான். பையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டு வெளியே வந்ததும் என்னைப் பார்த்துப் பயந்துபோனான்.

சொன்னேன். அவர் சொன்ன வார்த்தையிலேயே சொன்னேன்.

அவன் நடைபாதை ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். அவர்கள் தங்கும் கேம்ப்புக்குப் போகும் பஸ் வந்து ஹார்ன் அடித்தது. கூட வேலை பார்ப்பவர்கள் கூப்பிட்டார்கள். அவன் எழவில்லை. வேனில் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து அவனிடம் நீட்டினேன். பழக்க தோஷத்தில், கேட் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக் குடித்தான்.